மூன்றாவது அளவு

"பேசக் கூடாதுங்கய்யா" என்று பிரஷர் பார்க்க வந்த தமீம் இரண்டாம் தடவை சொன்னபோதுதான் அது தனக்கு இடப்பட்ட கட்டளை என்று இன்னாசிக்கு உறைத்தது. நாற்பது வருஷத்தில் அவரைப் பார்த்துப் பேசக் கூடாது என்று சொன்னவர்கள் மூன்று இன்ஸ்பெக்டர்கள், எண்ணற்ற தோல் பதனிடும் ஷாப் முதலாளிகள், கடைசியாக ஒரு நாள் அவருடைய சங்கத்தின் மாவட்டச் செயலாளர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அவர் மணிக்கணக்கில் பேசித்தான் பதில் சொல்லியிருக்கிறார். இவனோ தாடியில் லேசாக நரை விழுந்த, மரியாதை தெரிந்த மனுஷன். கையில் துணிப் பட்டையைச் சுற்றி, பித்தானை அழுத்தி, முதல் அளவை எடுத்துவிட்டு, "நூத்தி அறுபத்தெட்டு. கொஞ்சம் கூடத்தான். மொத்தம் மூணு தடவை எடுக்கணும், நடுவுல அஞ்சஞ்சு நிமிஷம். முதுகைச் சாச்சுக்குங்க, காலு ரெண்டும் தரையில இருக்கட்டும், பேசாம இருங்க, பேசினா ஏறும்" என்று சொல்லிவிட்டு டேப்லெட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். பேசினால் ஏறும். பேசாமல் இருந்தால் இறங்கும் என்று எந்த மடையன் கண்டுபிடித்தான்? பேசாமல் இருந்துதானே திண்டுக்கல்லில் பாதிப் பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தார்கள். சுண்ணாம்புக் குழியில் முழங்கால் வரை நின்று ஒரு வார்த்தை பேசாமல் நுரையீரல் கரைந்து போனவர்களை எண்ணினால் இந்தத் தெரு போதாது. அவர் இதைச் சொல்ல வாயெடுத்தார். தமீம் தலையை ஆட்டினான். இன்னாசி வாயை மூடிக்கொண்டு, உள்ளறைக் கதவைப் பார்த்தார். தகரக் கதவு. அதன் பின்னால் அவருடைய மனைவி மதலைமேரியும், சுகிர்தா என்ற அந்தக் கணக்கெடுக்கும் பெண்ணும் இருந்தார்கள். "அக்காகிட்ட தனியாக் கேக்கணும் ஐயா, யாரும் கூட இருக்கக் கூடாது, அது விதி" என்று அந்தப் பெண்தான் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். விதி என்றால் சரி. விதிப்படி நடக்கிற எதையும் இன்னாசி தடுத்ததில்லை. தோல் ஷாப்காரனிடமே விதியைத்தானே கேட்டார்.

நாடு முழுக்க எடுக்கிற குடும்ப நலக் கணக்கு இது. சில வருஷத்துக்கு ஒரு முறை வரும். லட்சக்கணக்கான வீடுகளில் கதவைத் தட்டி, யாருக்கு ரத்தம் குறைவு, எந்தப் பிள்ளை வயசுக்கு ஏற்ற வளர்த்தியில்லை, எந்த வீட்டில் கக்கூஸ் இல்லை, எவள் எத்தனை பெற்று எத்தனையைப் பறிகொடுத்தாள் என்று கேட்டு எழுதி, கடைசியில் ஒரு தடித்த புத்தகமாகப் போடுவார்கள். இங்கிலீஷ் புத்தகம். வக்கீல் ஒருவர் அதை வாசித்துச் சொல்ல, இன்னாசி சிகரெட் அட்டையில் எண்களைக் குறித்துக்கொண்டு வந்து துண்டறிக்கை எழுதுவார். எட்டாம் வகுப்பில் நின்ற படிப்பு. மீதியெல்லாம் துண்டறிக்கையில் படித்தது, துண்டறிக்கையில் எழுதியது. நூறு பெண்களில் பாதிக்கு மேல் சோகை பிடித்தவர்கள், இந்தக் கணக்கை எழுதியது நானல்ல, சர்க்கார்! மணிக்கூண்டுப் பக்கம் மெகாபோனில் இதைச் சொல்லும்போது கூட்டம் அசையாது. அப்புறம் அவருக்கென்றே ஒரு வித்தை இருந்தது. முன்வரிசைப் பெண்களை நோக்கி விரலை நீட்டி, ஒருத்தி, இரண்டாமவள், இதோ மூன்றாமவள் என்று எண்ணி, ஏறக்குறைய மூன்றில் ஒருத்தி புருஷனிடம் அடிவாங்குகிறாள் தோழர்களே என்று நிறுத்துவார். விரல் அந்த மூன்றாமவள் மேலேயே நிற்கும். அவள் முந்தானையால் வாயைப் பொத்துவாள். மற்றவர்கள் சிரிப்பார்கள், அப்புறம் சிரிப்பு நின்றுவிடும். அந்த நிற்கிற இடம்தான் பேச்சாளனின் இடம். ஒரு மார்ச் மாதக் கூட்டத்தில் விரல் எண்ணிக்கொண்டே போய், ஒன்று, இரண்டு, மூன்று என்று மதலைமேரி மேல் போய் விழுந்தது. அவள் வாயைப் பொத்தவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவர் விரல் பக்கத்தில் இருந்தவளிடம் நகர்ந்தது. நகர்ந்ததா, நகர்த்தினாரா? ஏன் இப்போது அந்த விரல் ஞாபகத்துக்கு வருகிறது? காலைத் தரையில் வை. மூச்சை விடு. மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தக் கணக்குக்காகத் தெரு வரைபடம் போட வந்தவர்கள் நிலைப்படியில் சாக்பீஸால் எழுதிய எண்ணை அவர் யாரையும் அழிக்க விடவில்லை. கம்ப்யூட்டர் பொறுக்கிய வீடு. எதிர்வீட்டுக்காரன் வந்து, "என்ன தோழரே, ஒங்க வீட்டு ரத்தந்தான் டெல்லிக்குப் போகுதாம்ல" என்று கிண்டல் அடித்தபோதுகூட நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றது. போகட்டும். போய்ச் சொல்லட்டும்.

அந்த வயசு விஷயத்தை மட்டும் விட்டிருக்கலாம். அரைமணி நேரம் முன்னால், வீட்டில் யார் யார், வயசு என்ன என்று சுகிர்தா கேட்டபோது அவர்தான் பதில் சொன்னார். தனக்கு அறுபத்து நாலு, மகன் திருப்பூரில், இங்கே இல்லை. அடுப்படியிலிருந்து மதலைமேரி குரல் கொடுத்தாள்: "எனக்கு அம்பதுன்னு போட்டுக்கம்மா." சுகிர்தா, "அம்பதுன்னா ஒங்ககிட்ட தனியா ஒண்ணும் கேக்க வேண்டியதில்லக்கா, நாப்பத்தொம்பது வரைக்கும்தான் எங்க கேள்வி" என்றாள். "அப்ப அம்பதே போடும்மா, எனக்கு அடுப்புல வேலை கெடக்கு." அப்படியே விட்டிருந்தால் இந்நேரம் டீ குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இன்னாசிக்குப் பொறுக்கவில்லை. "பொய்க் கணக்கு எழுதாதே!" என்று எழுந்து நின்று சத்தம் போட்டார். "இப்படி ஆளாளுக்கு அஞ்சைக் கூட்டி மூணைக் குறைச்சுச் சொல்லித்தான் இந்த நாட்டுல எந்த எண்ணும் எண்ணா இல்லாமப் போச்சு. இரும்மா, நான் அத்தாட்சி காட்டுறேன்." தகரப் பெட்டியைக் கிளறி எடுத்து வந்து நீட்டினார், அவளுடைய ஞானஸ்நானச் சீட்டை. கடவுள் இல்லை என்று நாற்பது வருஷம் சொன்ன மனுஷன் பங்குச் சாமியார் கையெழுத்தைச் சாட்சிக்கு இழுத்தார். "பாரு. ஐம்பது ஆக இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு." மதலைமேரி அடுப்படி வாசலில் வந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டே, "பத்தொன்பது நாளு. ஒங்களுக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள். அப்போது அது வழக்கமான குத்தலாகத்தான் பட்டது. இப்போது அந்தக் குரலைத் திரும்பக் கேட்டுப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. நேற்று இரண்டு வீடு தள்ளி ஜெசிந்தா வீட்டில் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்களே, அவள் வந்து இவளிடம் என்ன கேட்டார்கள் என்று சொல்லியிருப்பாளோ? இவளுக்குத் தெரியுமோ? தெரிந்துதான் ஐம்பது என்றாளோ? யாரைக் காப்பாற்ற?

"அக்கா, கேக்குதா? இல்ல இந்தப் பக்கம் வந்து உக்காரவா?" தகரக் கதவுக்குப் பின்னாலிருந்து சுகிர்தாவின் குரல் எழும்பியது. மதலைமேரி, "சத்தமாச் சொல்லும்மா, எனக்கு எடது காது அடைப்பு" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பெண்ணின் கேள்வி ஒவ்வொன்றும் முன்னறைக்கே வந்தது. பதில்தான் வரவில்லை. மதலைமேரி எப்போதும் தாழ்ந்துதான் பேசுவாள். எத்தனை பிள்ளை, முதல் பிள்ளை எந்த ஆஸ்பத்திரி, இரும்பு மாத்திரை சாப்பிட்டீர்களா? கேள்வி, மௌனம், கேள்வி, மௌனம். தமீமும் கேட்கிறான் என்பது இன்னாசிக்குத் தெரிந்தது. அவன் எழுந்து ஃபேனை இரண்டு முடுக்கு கூட்டிவிட்டு வந்தான். "வீட்டுக்காரர் குடிப்பாரா அக்கா?" மௌனம். "எப்பவாவதா, அடிக்கடியா?" ஓகோ. ஆமாம் என்றால் பின்னாலேயே இன்னொரு கேள்வி வரும். இல்லை என்றால் தாண்டிவிடும். இன்னாசி இந்தச் சங்கதியை ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார், பேச்சுவார்த்தை மேஜையில் முதலாளியின் வக்கீல் கண்ணைச் சிமிட்டுவதிலிருந்து எத்தனை சதவீதம் இறங்குவான் என்று பிடிக்கிற மாதிரி. குடிப்பார் என்று சொல்லியிருக்கிறாள். சொல்லட்டும். மாதம் இரண்டு தடவை குடிப்பது ரகசியமா? ஆனால் குடியைக் கேட்டால் அடுத்து எதைக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். மூன்றில் ஒருத்தி என்ற அந்த எண் எங்கேயிருந்து வந்தது என்று நினைத்திருந்தார்? ஆகாயத்திலிருந்தா? இப்படி ஒரு கதவுக்குப் பின்னாலிருந்துதான் வந்திருக்கிறது. இத்தனை வருஷம் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கதவை நினைத்ததில்லை. "ரெண்டாவது அளவு" என்று தமீம் பித்தானை அழுத்தினான். பட்டை ஊதி, கையை இறுக்கி, இன்னும் இறுக்கி, நரம்பு துடிக்கத் துடிக்கப் பிடித்துக்கொண்டது. அந்தக் காதை அவள் அடைப்பு என்றாள். அடைப்பு! காதுக்குள் ஏதோ தானே வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி.

நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் அது. இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. நாற்பத்தோராம் நாள் மாலை, இவருக்குத் தெரியாமல் சங்க மேலிடம் சமரசத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டது. சுவரொட்டிப் பசை வாளியோடு தெருவில் நின்றவருக்கு ஒரு பையன்கூட வந்து சொல்லவில்லை. டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டார். வீட்டுக்கு வந்தால் மதலைமேரியின் கையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. மகனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். மருந்துக்கு வழியில்லாமல் ஊருக்கு வெளியே வேறொரு ஷாப்பில் தோலில் உப்பு உதறப் போயிருக்கிறாள், இரண்டு நாளாக. இன்னாசி வீட்டுப் பெண் வேலைக்குப் போனாள். கருங்காலி என்று கத்தினார். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததா, கை முதலில் போனதா? இடது பக்கம். ஒரே அறை. விரலில் பசை காய்ந்திருந்தது. காதிலிருந்து ஒரு கோடு மாதிரி ரத்தம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டபோது, "பைப்படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள், அவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். ஒரே ஒரு தடவை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. ஊரில் மற்றவனைப் போல தினமுமா? "நூத்தி எண்பத்து நாலு" என்றான் தமீம் மெதுவாக. "ஐயா, எதையும் நெனைக்காம இருங்க." உள்ளே சுகிர்தா தொண்டையைச் செருமினாள். "அக்கா, இப்பக் கேக்கப் போறது கொஞ்சம் சங்கடமான கேள்வி. எல்லா வீட்டுலயும் கேக்குறதுதான். நீங்க சொல்றது வெளிய போகாது. ஒங்க வீட்டுக்காரர் எப்பவாவது ஒங்களத் தள்ளி விட்டிருக்காரா, புடிச்சு உலுக்கியிருக்காரா, எதையாவது தூக்கி எறிஞ்சிருக்காரா?" கேள்வி மதலைமேரியிடம் போவதற்கு முன்னால் இவரிடம் வந்துவிட்டது. தட்டு. தேர்தலில் டெபாசிட் போன அன்றைக்குக் கஞ்சித் தட்டு. சுவரைப் பார்த்துத்தான் எறிந்தார், அவள் குறுக்கே வந்தாள். மௌனம். பின்கேள்வி வருமா? "கன்னத்துல அறைஞ்சிருக்காரா?" வரவில்லை. தாண்டிவிட்டது. இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அடுத்தது இதுதான், இதுதான், காது. ஃபேன் சுற்றுகிறது. தமீம் தன் செருப்பைப் பார்க்கிறான். "கையை முறுக்கியிருக்காரா, முடியப் புடிச்சு இழுத்திருக்காரா?" அதையும் தாண்டிவிட்டாள்! அந்தக் காதை வைத்துக்கொண்டு, அந்தக் காதில் விழாததால்தான் சத்தம் போட்டுக் கேட்கிற பெண்ணிடம், இல்லை என்றிருக்கிறாள். முடி. மகனை இவருக்குத் தெரியாமல் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சாமியார் கையால் புதுநன்மை அப்பம் வாங்கவைத்தாளே, அன்றைக்கு. அது கொள்கைப் பிரச்சினை. கொள்கைக்காகத்தான் முடியைப் பிடித்தார். ஒரே தடவை என்று சொல்லிக்கொண்டிருந்தது இப்போது மூன்றாகி நிற்கிறது. "காலால எட்டி ஒதைச்சிருக்காரா?" இல்லை, அது இல்லை! இன்னாசி கையைத் தூக்கிச் சொல்லிவிடப் பார்த்தார், அது மட்டும் கிடையாது, வேண்டுமானால் யாரையும் கேளுங்கள். வாளியைத்தான் உதைத்தார். வாளி அவள் இடுப்பில் போய் மோதியது. அது வாளியை உதைத்த கணக்கா, அவளை உதைத்த கணக்கா? அந்த டேப்லெட்டில் இதற்கு ஒரு கட்டம் இருக்குமா?

கேள்வி தாண்டித் தாண்டிப் போயிற்று. இன்னாசியின் விரல் நுனிகளில் இரத்தம் திரும்பி வந்த மாதிரி ஒரு சூடு பரவியது. தப்பித்தாயிற்று. அவர் வாழ்ந்த வாழ்க்கைக்குச் சர்க்கார் புத்தகத்தில் கறை இல்லை. இந்த வீடு மூன்றில் அந்த இரண்டு வீடுகளோடு சேர்ந்துவிட்டது. சேர்ந்துவிட்டதா? அப்படியானால் அந்த இரண்டு வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள்? மெகாபோனைப் பிடித்துக்கொண்டு மூன்றாமவள், மூன்றாமவள் என்று விரலை நீட்டினாரே, முன்வரிசையில் சிரித்தவர்கள், அந்த ஒன்றாமவளும் இரண்டாமவளும், அவர்களும் இப்படித்தான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து தாண்டினார்களா? அப்படியென்றால் அவர் ஊர் ஊராகக் கொண்டுபோன எண் என்ன எண்? சொன்னவர்களின் எண். சொல்லாதவர்களைச் சேர்த்தால் விரலை எங்கே நிறுத்துவது? பொய்க் கணக்கு எழுதாதே என்று ஞானஸ்நானச் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த மடையா, பத்தொன்பது நாளுக்குத் துல்லியம் பார்த்தாயே, இதோ உன் வீட்டுத் துல்லியமான எண், சுத்தப் பொய், நாடு முழுக்கப் போகப்போகிறது. அவருக்குக் கோபம் வந்தது. அவள் மேல்தான் வந்தது, அதுதான் வெட்கம்: ஏன்டி பொய் சொல்கிறாய் என்று கேட்கிற கோபம், கையை முன்னால் அனுப்புகிற அதே பழைய கோபம். இன்னாசி எழுந்துவிட்டார். நாற்காலி சிமெண்டில் கீறிக்கொண்டு கத்தியது. கதவுக்கு நாலு எட்டு. திறந்து, ஆமான்னு எழுதும்மா, நான் சொல்றேன் எழுது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. இரண்டாவது எட்டு வைப்பதற்குள் உள்ளே சுகிர்தாவின் குரல் பளிச்சென்று மாறியது. "கீரை வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிடுவீங்க அக்கா?" மதலைமேரி, இவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக உரக்க, வீடு முழுக்கக் கேட்கும்படி, "ரெண்டு நாளும்மா. அவுகளுக்கு முருங்கைக்கீரைதான் புடிக்கும்" என்றாள்.

இன்னாசி நடுவில் நின்றார். போலீஸ் வருகிறது என்றால் கூட்டத்தில் சட்டென்று பாட்டுக்கு மாறுவார்கள், அவரே சொல்லிக்கொடுத்த வேலை. இங்கே போலீஸ் அவர்தான். அவர் எழுந்தால் கேள்வி கீரைக்குப் போகும், உட்கார்ந்தால் திரும்பும். உட்கார்ந்திருந்தாலும் நாற்காலியின் ஒரு கீறல் தூரத்தில் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும், இருபத்தெட்டு வருஷமாகத் தெரியும். உள்ளே போய் ஆமாம் என்று இவர் சொன்னால் அதுவும் இவர் பேச்சு. இவர் எழுதிய நோட்டீஸில் இன்னொரு வரி. அவர் கதவைப் பார்த்துச் சொன்னார், யாரையும் பார்த்துச் சொல்லாத மாதிரி, ஆனால் அவளுடைய நல்ல வலது காதுக்கு எட்டட்டும் என்று: "நான் கடைக்குப் போறேன். வர நேரமாகும்." தமீம், "ஐயா, மூணாவது அளவு" என்று எழுந்தான். "வந்து எடுத்துக்க." செருப்பைப் போட்டார். நிலைப்படியில் சாக்பீஸ் எண்ணைத் தாண்டினார். எதிர்வீட்டுக்காரன், "என்ன தோழரே, ரத்தத்த உறிஞ்சிட்டாய்ங்களா?" என்றான். இன்னாசி பதில் சொல்லாததால் அவன் பயந்துபோய், "ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று இரண்டு எட்டு கூடவே வந்தான். அவனைத் தாண்டி, பைப்படியைத் தாண்டி, ஜெசிந்தா வீட்டைத் தாண்டி, வீட்டிலிருந்து யார் என்ன கத்தினாலும் கேட்காத இடம் எதுவென்று பார்த்து, ரேஷன் கடைச் சுவர் ஓரம் போய் நின்றார். அங்கே அவருடைய பழைய சுவரொட்டி ஒன்றின் மூலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. என்ன சொல்லியிருக்கும் என்று நினைவில்லை, பசை மட்டும் மிச்சம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? ஒரு பொய் சொல்ல ஒரு நொடி போதும். மற்றதற்கு எவ்வளவு ஆகும் என்று அவருக்குத் தெரியாது, அவர் சொன்னதில்லை. ஒருவேளை இப்போதும் கீரைதானோ என்னவோ. ஒருவேளை ஒன்றுமே மாறாதோ. போய்க் கதவோரம் நின்று கேட்டால் என்ன என்று கால் இரண்டு தடவை கிளம்பியது. இரண்டு தடவையும் அந்தச் சுவரைக் கையால் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது தகரக் கதவு திறந்திருந்தது. சுகிர்தா பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்காததற்கு என்ன அர்த்தம் என்று எடுத்துக்கொள்வது? மதலைமேரி குத்திய விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றாள். "எட்டு புள்ளி ஆறு" என்றான் தமீம், "அக்காவுக்கு ரத்தம் ரொம்பக் கொறைவு ஐயா, ஆஸ்பத்திரியில காட்டணும்." பாதிக்கு மேல் என்று இத்தனை வருஷம் கத்திய பாதியில் ஒருத்தி அவர் வீட்டு அடுப்படியிலேயே நின்றிருக்கிறாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தார், கால்களைத் தரையில் வைத்தார், கையை நீட்டினார். தமீம் பட்டையைச் சுற்றிப் பித்தானை அழுத்தினான். அது ஊதத் தொடங்கியது. மதலைமேரி பஞ்சை எடுத்துப் பார்த்தாள், திரும்ப அழுத்தினாள். பிறகு, அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"நீங்க போன பெறகு அந்தப் பிள்ள எல்லாத்தையும் மறுபடி மொதல்லருந்து கேட்டுச்சு."

பட்டை இறுகிக்கொண்டே போயிற்று. இன்னாசி வாயைத் திறந்தார்.

"பேசாதீங்கய்யா" என்றான் தமீம். "ஓடிக்கிட்டிருக்கு."

மதலைமேரி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அன்றைக்கு முன்வரிசையிலிருந்து பார்த்த மாதிரி. இன்னாசி பேசவில்லை.